தம்பிக்கு இடம் பிடித்தவள்

சான் அவுரெலியோ
11 ஜூலை 2016

அன்புள்ள நோனோய்க்கு,

உன் அக்கா பெத்தாங் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மணிலாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். ஊருக்கு நீ கில்டோ, எனக்கு எப்போதும் நோனோய்தான்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நீயே பேசி நீயே முடித்துவிடுகிறாய். நான் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகத்துக்கு வருகிறது. காகிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை. உன் டிரைவர் மெலிட்டோன் மாதம் இரண்டு முறை அங்கே வருகிறானே, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

நான் மேயராகிப் பதினோரு நாள் ஆகிறது. உன் நாற்காலி எனக்கு உயரம். கால் தரையில் படவில்லை. தச்சனைக் கூப்பிட்டு அதன் காலை அறுக்கச் சொன்னேன். நீ விட்டுப்போன வக்கீல் கலிஸ்தோ பதறிப்போனார்.

"மேயர், இது உங்க தம்பி நாற்காலி. மூணு வருஷத்துல திரும்பி வந்து உக்காருவார்."

"அதுவரைக்கும் என் கால் ஊஞ்சல் ஆடணுமா?" என்றேன்.

கடைசியில் காலுக்கடியில் ஒரு சோடாப் பெட்டி வைத்தார்கள். பரவாயில்லை, வசதியாகத்தான் இருக்கிறது.

நான் சொன்ன சொல்லை மறக்கவில்லை. ஒன்பது வருஷம் நீ உட்கார்ந்தாய். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவரே கூடாது என்று சட்டம். நடுவில் ஒரு தடவை யாராவது உட்கார்ந்தாக வேண்டும். வெளி ஆள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், கூடப் பிறந்தவள் என்றால் எழுந்துவிடுவாள் என்றாய். அம்மாவின் கல்லறைக்கு முன்னால் வைத்துக் கேட்டாய். தலையாட்டினேன். முப்பது வருஷம் சந்தையில் பாட்சோய் நூடுல்ஸ் ஊற்றிக் கொடுத்த கைக்கு மூன்று வருஷம் ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

என் குறை என்னவென்றால், கையெழுத்துக்கு வரும் காகிதம் மேஜையில் மலையாக நிற்கிறது. எனக்கு விரல் வைத்துத்தான் படிக்க வரும். ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு காகிதம் முடிகிறது. நேற்று ஒன்றில் ரோசால் தெருச் சாக்கடையைத் தூர் வாரியாகிவிட்டது என்று எழுதியிருந்தது. அந்தத் தெருவில்தான் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். அங்கே சாக்கடையே கிடையாது, நோனோய். கையெழுத்துப் போடவில்லை. கலிஸ்தோவின் முகம் கறுத்துப்போயிற்று.

என்ன செய்யட்டும், எழுது.

உன் அக்கா
பெத்தாங்


மணிலா
29 ஜூலை 2016

அன்புள்ள மனாங்,

அக்கா, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொள்கிறேன்.

மெலிட்டோன் கடிதம் கொடுத்தான். நாற்காலியை அறுக்காமல் விட்டதற்கு நன்றி.

மேயராக நிற்பவருக்கு எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். சீட்டை ஒட்டுவது கலிஸ்தோ. கலிஸ்தோவிடம் சொல்வது நான். ரோசால் தெரு விஷயத்தை நானே விசாரிக்கிறேன்.

காகிதத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காலை ஐந்து மணிக்கு வீட்டு முன்வாசலுக்கு வருகிறவர்களை ஒரு நாளும் காக்க வைத்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டோ, சவப்பெட்டியோ, மகன் கல்லூரிக்குச் சிபாரிசோ, எது கேட்டாலும் முதலில் காபி. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் அப்பா பெயரைக் கேட்டு, "ஓ, அவரோட மகனா நீ" என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே ஓட்டுப் போடும். நான் ஒன்பது வருஷம் ஜெயித்தது அந்த வாசலில். நகராட்சிக் கட்டடத்தில் அல்ல.

இங்கே அமைச்சகத்தில் எனக்கு ஒரு நல்ல அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் மட்டும் இல்லை.

உங்கள் தம்பி
கில்டோ


சான் அவுரெலியோ
6 மார்ச் 2017

நோனோய்க்கு,

இதை நீ கலிஸ்தோ வாயால் கேட்பதற்குமுன் என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

எட்டு மாதம் நீ சொன்னபடியே ஐந்து மணிக்கு வாசலில் உட்கார்ந்தேன். பெயரும் சொல்லிக் கூப்பிட்டேன். சந்தையில் இருந்தவள்தானே, எனக்குத் தெரியாத முகம் குறைவு.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடலோரத்திலிருந்து கோர்டிங் வந்திருந்தாள். மீன் காயவைப்பாளே, அவள்தான். அவளுக்கு முன்னால் பாஸ்கெட்பால் சட்டை கேட்டு ஏழு பேர். பிறகு கல்யாணத்துக்கு ஞானத்தாயாக வரச்சொல்லி ஒரு ஜோடி. அவள் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைப் புகழ்ந்தாள். அப்புறம் என்னை. அப்புறம் நம் அம்மாவை.

"என்ன விஷயம், கோர்டிங்?" என்றேன்.

"வீட்டுக்காரர் காலமாயிட்டார், மேயர்."

"எப்போ?"

"இன்னைக்கு விடிகாலைல."

"அந்த மனுசன வீட்டுல தனியா போட்டுட்டு வந்து எனக்கு நன்றி சொல்லிக்கிட்டிருக்கியா, பைத்தியக்காரி?"

"சொல்லாட்டிப் பெட்டி கெடைக்காதுன்னாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றாள்.

மறு திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்ததும் நகராட்சியின் தரைத்தளத்தில் ஒரு கவுண்டர் திறக்கச் சொல்லிவிட்டேன். எட்டு மணிக்குத் திறக்கும். வருகிறவர் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னென்ன காகிதம் வேண்டும் என்று கதவில் எழுதி ஆணியடித்தாயிற்று. உட்கார்ந்திருப்பவள் ரூபினா என்ற பெண், நல்ல பெண், சிரிக்க மட்டும் மாட்டாள். சாவுக்கு வருபவர்களுக்கு நம்பர் இல்லை, நேரே உள்ளே. கொடுக்கும் சீட்டில் என் பெயர் கிடையாது, உன் பெயரும் கிடையாது. நகரத்தின் முத்திரை மட்டும்.

வீட்டு வாசலில் இப்போது கோழிதான் நிற்கிறது. ஐந்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் நிற்கிறேன். காகிதங்களை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு முப்பது முடிகிறது.

பெத்தாங்


மணிலா
2 ஏப்ரல் 2017

அன்புள்ள மனாங்,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களைப்போல விரல் வைத்தே படித்தேன்.

கோர்டிங் கதை எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த பாடம் தப்பு. அவளை முன்னால் கூப்பிட்டிருக்க வேண்டும், வாசலையே மூடியிருக்கக் கூடாது. சாவு நடந்த வீட்டுக்காரிக்கு வேண்டியது பெட்டி மட்டுமா? மேயர் தன் கையைப் பிடித்தார் என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொல்ல வேண்டாமா? ரூபினா கையைப் பிடிப்பாளா?

நம் மக்கள் வாங்கியதை மறக்கமாட்டார்கள். அந்த நன்றி அவர்கள் பேரன்வரைக்கும் நிற்கும். முத்திரைக்கு யாராவது நன்றி காட்டுவார்களா? முத்திரைக்கு ஓட்டுப் போட முடியாது, மனாங். எனக்குத்தான் போட முடியும். நீங்கள் எனக்காகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கவுண்டரை மூடச் சொல்லிக் கலிஸ்தோவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கில்டோ


சான் அவுரெலியோ
17 ஏப்ரல் 2017

நோனோய்,

கலிஸ்தோ சொன்னார். கவுண்டரை மூட மேயர் கையெழுத்து வேண்டுமாம். காகிதம் கொண்டுவந்தார், மஞ்சள் சீட்டு ஒட்டி. படித்துப் பார்த்தேன். பிறகு போடுகிறேன் என்று அடியில் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே இருநூறு காகிதம் இருக்கிறது.

ஈஸ்டருக்கு நீ வரவில்லை. மாம்பழம் மெலிட்டோனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெத்தாங்


மணிலா
24 செப்டம்பர் 2018

அன்புள்ள மனாங்,

ஒன்றரை வருஷமாக நாம் மாம்பழமும் கருவாடும் மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தப்பு என்மேலும் உண்டு. அதை விடுங்கள். இப்போது தேர்தல் வேலை.

மனுத் தாக்கல் அக்டோபர் 11 முதல் 17 வரை. நான் இப்போது மனுக் கொடுத்தால் அன்றைக்கே என் அமைச்சக வேலை போய்விடும், நியமன வேலையில் இருப்பவனுக்கு விதி அப்படி. இங்கே ஒரு காரியம் பாதியில் நிற்கிறது. நவம்பர் கடைசிவரை இருந்தால்தான் முடியும்.

அதனால் யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். அக்டோபரில் நம் கட்சி சார்பில் நீங்கள் மறுபடியும் மனுக் கொடுங்கள். நவம்பர் 29-க்குள் நீங்கள் விலகினால், அதே கட்சிக்காரன் ஒருவன் உங்கள் இடத்தில் மாற்றாக வரலாம். அந்த ஒருவன் நான். பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது.

விலகல் மனு மட்டும் நீங்களே நேரில் போய்ச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

கல்லறையில் சொன்ன சொல்லை நீங்கள் மறக்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் மறக்கவில்லை.

உங்கள் தம்பி
கில்டோ


சான் அவுரெலியோ
18 அக்டோபர் 2018

நோனோய்க்கு,

நேற்று மனுக் கொடுத்தாயிற்று.

காலையில் பூசை. அங்கிருந்து தேர்தல் அலுவலகம்வரை பேண்டு வாத்தியத்தோடு நடந்து போனோம். போன தடவை நீ முன்னால் நடந்தாய், நான் உன் நிழலில் வந்தேன். இந்தத் தடவை முன்னால் நடக்க ஆள் இல்லாததால் நானே நடந்தேன். சந்தைப் பெண்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பன்றிக்கறிக்காரி மொன்சிங் கத்தியோடே வந்துவிட்டாள், வாசலில் போலீஸ்காரர் பிடுங்கி வைத்தார்.

"மேயருக்கு ஓட்டுப் போட வந்தேன், உங்க வயித்த வெட்ட வரல, குடுங்க," என்று அவரிடம் ஒரே சண்டை.

"இன்னைக்கு ஓட்டு இல்ல, மனுதான்," என்றார் அவர்.

"அப்போ மனுவுக்கு வந்தேன்."

படிவத்தை விரல் வைத்துப் படித்து நானே நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் போன தடவை 'பாட்சோய் வியாபாரம்' என்று எழுதினேன். இந்தத் தடவை அதை எழுதினால் பொய், கடையை மருமகள் பார்க்கிறாள். 'மேயர்' என்று எழுதினேன். ஓட்டுச் சீட்டில் எந்தப் பெயர் வர வேண்டும் என்று ஒரு இடம் இருக்கிறதே, அங்கே போன தடவை நீ சொன்னபடி 'கில்டோவின் அக்கா பெத்தாங்' என்று எழுதினோம். இப்போது 'பெத்தாங்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எப்படியும் நவம்பரில் அதை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடத்தானே போகிறார்கள்.

எதிரே நிற்பது டாக்டர் பிலாபில். பிரசவம் பார்க்கும் டாக்டர். ஊரில் பாதிப் பேரை அவள் கைதான் முதலில் தொட்டது. நீ கவனமாக இருக்க வேண்டும்.

பெத்தாங்


மணிலா
20 நவம்பர் 2018

அன்புள்ள மனாங்,

இத்துடன் விலகல் மனு. அச்சடித்துத் தயாராக இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் சத்தியமும்தான் பாக்கி. என்னுடைய மனுவைக் கையெழுத்திட்டு, எனக்குப் பதிலாக அதைக் கொடுப்பதற்கான அதிகாரப் பத்திரத்தோடு கலிஸ்தோவுக்கு அனுப்பியிருக்கிறேன். 29-ஆம் தேதி வியாழக்கிழமை இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும், முதலில் உங்களுடையது, அடுத்த நிமிடம் என்னுடையது. அன்றுதான் இங்கே என் ராஜினாமாவைக் கொடுப்பேன். உங்கள் சீட்டில் முத்திரை விழுந்துவிட்டது என்று போன் வந்த பிறகு.

டாக்டர் பிலாபிலைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசலைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்று வருஷம் பாரம் சுமந்தீர்கள். இனி ஓய்வெடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து உங்கள் கையால் பாட்சோய் சாப்பிடுவேன்.

கில்டோ


சான் அவுரெலியோ
30 நவம்பர் 2018

நோனோய்,

கலிஸ்தோ உனக்கு நேற்றே போன் செய்திருப்பார். அவர் சொன்னது நிஜம். எப்படி நடந்தது என்று நானும் எழுதிவிடுகிறேன், அவர் கோபத்தில் சிலதை விட்டிருக்கலாம்.

விலகுவது என்ற முடிவோடுதான் புறப்பட்டேன். ஜூனில் உன்னிடம் ஒப்படைக்க வேண்டியதைக்கூட வீட்டில் இப்போதே பெட்டியில் கட்டிவிட்டேன். இரண்டு மணிக்குத் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அதிகாரி ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். மனுவை என் முன்னால் வைத்தாள். நான் விரலை வைத்தேன்.

நாலாவது வரியில் என் விரல் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இருந்தது. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கலிஸ்தோவைக் கேட்டேன்.

"யாரும் சொல்லாம, யாரும் கட்டாயப்படுத்தாம, எம் மனசா நானே விலகுறேன்னு அர்த்தம், மேயர்."

"யாரும் சொல்லலையா?"

"அது எல்லாப் படிவத்துலயும் வழக்கமா போடுற வரி."

"கலிஸ்தோ, யாரும் சொல்லலையான்னு கேட்டேன்."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த வரிய அடிச்சிட்டுக் குடுக்கலாமா?" என்று அவளைக் கேட்டேன்.

"அடிச்சா செல்லாது, மேயர்."

"சரி, சத்தியம் எப்படிச் செய்யணும்?"

"வலது கைய தூக்கினா போதும்."

கையைத் தூக்கினேன், நோனோய். பாதிவரைக்கும் தூக்கினேன். அப்போது யோசித்தேன். எனக்குத் தெரிந்து யாரும் சொல்லாமல் நானாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அந்தக் கவுண்டர். கல்யாணம் அப்பா சொன்னது. பள்ளிக்கூடத்தை விட்டது அம்மா சொன்னது, நீ படிக்க வேண்டும் என்பதற்காக. மேயரானது நீ சொன்னது. இதையும் நீ சொல்லித்தான் செய்ய வந்திருக்கிறேன், செய்திருப்பேன். ஆனால் யாரும் சொல்லவில்லை என்று ஆண்டவர் முன்னால் சொல்ல முடியவில்லை. கையை இறக்கிவிட்டேன்.

கலிஸ்தோ வெளியே போனார், உள்ளே வந்தார், போன் செய்தார், வியர்த்தார். "மேயர், மணிலால சார் ராஜினாமாக் கடுதாசியோட நின்னுக்கிட்டு இருக்காரு," என்றார். நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன். நாலாவது வரி மாறவில்லை. அதிகாரி ஒரு தடவை தண்ணீர் கொடுத்தாள். ஐந்து மணி அடித்ததும், "மன்னிக்கணும், மேயர், கதவச் சாத்தணும்," என்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன்.

அம்மாவிடம் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இதை இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன்.

பெத்தாங்


மணிலா
6 டிசம்பர் 2018

மாண்புமிகு மேயர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

ராஜினாமாவை நான் கொடுக்கவில்லை. போன் வரக் காத்திருந்ததால் வேலையாவது மிஞ்சியது.

மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்களைத் தாங்கள் படித்துக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று அறிகிறேன். அவற்றில் ஒன்றில்கூட வழக்கமாகப் போடும் வரி இருந்ததில்லையா என்பதைத் தெரிந்துகொள்ள ஆவல்.

விரல் வைத்துப் படிப்பவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மனுவைத் தங்களுக்கு அனுப்பிய முட்டாள்தனம் என்னுடையது.

கிறிஸ்துமஸுக்கு வர இயலாது.

ஹெர்மெனெகில்டோ


சான் அவுரெலியோ
1 ஏப்ரல் 2019

நோனோய்,

நாலு மாதமாக மெலிட்டோன் வெறுங்கையோடு திரும்புகிறான். "சார் வாங்கி வெச்சுக்கிட்டாரு, ஒண்ணும் சொல்லல, மனாங்," என்கிறான். வாங்கி வைத்துக்கொள்கிறாயே, அதுவரைக்கும் நல்லது.

பிரச்சாரம் தொடங்கிவிட்டது. டாக்டர் பிலாபில் வட்டம் வட்டமாக, ஒவ்வொரு பராங்காயிலும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறாள். "என்னைப் பார்க்க நம்பர் வேண்டாம். என் வாசல் ஐந்து மணிக்குத் திறந்திருக்கும்" என்று. நல்ல கைதட்டல். நானே ஒரு கூட்டத்தில் பின்னால் நின்று கேட்டேன், எனக்கே போகலாம் போல இருந்தது.

என் கூட்டத்தில் கேள்வி கேட்கச் சொன்னேன். ஒருவன் எழுந்தான். "மேயர், எங்கப்பா சாவுக்குப் பெட்டி சரியான நேரத்துக்கு வந்துச்சு, கொற சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வரல. ஒங்க தம்பியா இருந்தா வந்திருப்பார்," என்றான். அன்றைக்கு எத்தனை சாவு என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்றுதான் தெரியவில்லை என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு ஓட்டாகுமா, நீதான் சொல்ல வேண்டும்.

நம் சொந்தப் பராங்காய் லாவிஸில் உன் வாய்ச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தலைவனாக இருக்கும் கேப்டன் சித்ரோ என் பக்கம் வருவதும் இல்லை, அந்தப் பக்கம் போவதும் இல்லை. நடுத்தெருவில் நிற்கிறான்.

நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. இருக்கிற நிலைமையை எழுதினேன்.

பெத்தாங்


மணிலா
19 மே 2019

மனாங்,

இருநூற்றுப் பதினான்கு ஓட்டில் போயிற்று. செய்தியில் பார்த்தேன்.

லாவிஸில் மட்டும் முந்நூற்றுக்கு மேல் பின்தங்கினீர்கள் என்று சொன்னார்கள். அதைப் பற்றி நானே சொல்லிவிட வேண்டும், வேறு யாரும் சொல்வதற்குமுன்.

மே முதல் வாரம் சித்ரோ போன் செய்தான். "சார், நம்ம ஆளுங்க எல்லாம் கேக்குறாங்க. யாருக்கு?" என்றான். நான், "உங்க இஷ்டம், சித்ரோ," என்றேன். ஒரு வார்த்தை உங்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. கோர்ட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்பது வருஷம் மேயராக இருந்தவன் கூடப் பிறந்தவள் நிற்கும் தேர்தலில் 'உங்க இஷ்டம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "புரியுது, சார்," என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட ஒரு வாரம் இருந்தது. கூப்பிடவில்லை.

தேர்தல் அன்று வந்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதல் விமானத்தில் வந்து மத்தியானமே திரும்பிவிட்டேன். நம் பழைய பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு, நான் படித்த நான்காம் வகுப்பு அறையில். சீட்டை விரித்ததும் என்னையறியாமல் என் பெயரைத் தேடினேன். பிறகு உங்கள் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நிரப்பினேன். உங்களுக்குத்தான் போட்டேன், மனாங். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். 'உங்கள் இஷ்டம்' என்று எழுதும் பழக்கம் போகவில்லை.

கோபமாக இருந்தால் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் தாங்கமாட்டேன்.

கில்டோ


சான் அவுரெலியோ
1 ஜூலை 2019

அன்புள்ள நோனோய்க்கு,

நேற்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முத்திரையை டாக்டர் பிலாபிலிடம் ஒப்படைத்தேன். அவள் வந்ததும் என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. பாக்கிக் காகிதம் எத்தனை என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

நீ எனக்குப் போட்டாய் என்பதை நம்புகிறேன். உனக்கு அந்த மாதிரி குணம் உண்டு. சின்ன வயதில் என் பலகாரத்தைத் திருடித் தின்றுவிட்டு, உன் பங்கில் பாதியைக் கொண்டுவந்து கொடுப்பாய்.

சித்ரோ விஷயம் எனக்குத் தேர்தலுக்கு முன்பே தெரியும். வியாழக்கிழமை கடைக்கு வந்தான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான், தலையைச் சொறிந்தான். "மனாங், சார் எங்க இஷ்டம்னு சொல்லிட்டாரு," என்றான்.

"சரி, உன் இஷ்டம் என்னடா?" என்று கேட்டேன்.

பாவம், அவனை யாரும் அதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்லை. மிச்சச் சாற்றைக் குடித்துக் கிண்ணத்தை வைத்தான். "யோசிக்கணும், மனாங்," என்றான். யோசித்திருப்பான். யோசித்துவிட்டு டாக்டருக்குப் போட்டிருப்பான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

வாசலைப் பற்றி நீ சொன்னதில் பாதி சரி. சாவு வீட்டுக்காரிக்குப் பெட்டி மட்டும் போதாது. அதை இந்த ஊர் எனக்கு ஓட்டால் சொன்னது. மறு பாதி தப்பு, அதை நான் உனக்கு எழுதியே இரண்டு வருஷம் ஆயிற்று, மறுபடி எழுதப் போவதில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நவம்பரில் உனக்கு எழுதியதில் பொய் இல்லை. நாலாவது வரியில் என் விரல் நின்றது சத்தியம். ஆனால் முழுசும் எழுதவில்லை. பொய்ச் சத்தியம் செய்யப் பயம் ஒரு காரணம். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது, அது இன்னொரு காரணம். எனக்கு வேண்டும் என்று தோன்றியது, நோனோய். அறுபத்தேழு வயதில் ஒரு பொருளைப் பார்த்து எனக்கு வேண்டும் என்று முதல்தடவையாகத் தோன்றினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது, பழகிவிட்டது. எனக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆண்டவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தப் பாதியை நீ ஏமாற்று என்று சொல்லலாம். சரிதான். மன்னித்துக்கொள்.

இனி ஒளிவு இல்லை. 2022-க்கு நீ நிற்பாய் என்று ஊரே பேசுகிறது. நீயும் நிற்பாய், எனக்குத் தெரியும். நானும் நிற்கிறேன். உனக்கு இடம் பிடிக்க அல்ல. எனக்கு. யாரும் சொல்லவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், பிறகு அக்கா சொல்லவில்லை என்று சொல்லாதே.

மனுத் தாக்கல் அன்றைக்கு நீ வந்து சேரும்போது வரிசை இருக்கும். எனக்குப் பின்னால் நின்றுகொள்.

உன் அக்கா
பெத்தாங்